பரிமாறுவோரே உரிமையாளர்

பாலக்காட்டிலோ திருச்சூரிலோ பஸ் மாறும் நம்மவர் பலர் இந்தியன் காப்பி ஹவுஸில் அமர்ந்து இளைப்பாறியிருப்பர். வெண்ணிறச் சீருடையும் விசிறித் தலைப்பாகையும் அணிந்து அங்கே பரிமாறுவோர் வெறும் கூலியாட்கள் அல்லர்; கடையை நடத்தும் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் என்பதைச் சிலரே அறிவர்.

முன்னாளில் இக்கடைகள் காப்பி வாரியத்திற்கு உரியனவாயிருந்தன. 1950களின் நடுவில் வாரியம் அவற்றை மூடத் தொடங்கவே, தொழிலாளர் வேலையிழந்தனர். வேறு முதலாளியைத் தேடுவதா, வெறுங்கையுடன் ஊர் திரும்புவதா என்று அவர்கள் கலங்கிய வேளையில், “கடையை நீங்களே நடத்துங்கள்” என்னும் வழியைக் காட்டியவர் ஏ. கே. கோபாலன். 1957இல் பெங்களூரில் சங்கம் அமைந்தது; அவ்வாண்டே தில்லியில் கடை திறக்கப்பெற்றது. கேரளத்தின் முதற்கடை 1958 மார்ச் 8ஆம் நாள் திருச்சூரில் எழுந்தது.

காப்பி பழையதே. உரிமை மட்டும் கை மாறிற்று. மேசை துடைத்த கையே கணக்கேட்டையும் ஏந்திற்று.

இடுக்கித் தோட்டங்களிலும் பாலக்காட்டுக் கடைகளிலும் பிறரிடம் உழைக்கும் நம் குடும்பங்கள் இதனைச் சிந்தித்தல் நலம். தனியொருவரிடம் முதல் இல்லை என்பது மெய். ஆயினும் பலர் சேருமிடத்தில் அக்குறை நீங்குமன்றோ!