கிடார்காரர் போன பிறகு

எழுதி ரொம்ப நாளாச்சு. அசைன்மென்ட், பார்ட் டைம் வேலை, குளிர் என்று வழக்கமான காரணங்கள்தான். இப்ப எழுத வச்சது ஒரு பழைய சிடி. பக்கத்துத் தெரு சாரிட்டி கடையில் ஒரு பவுண்டுக்குக் கிடைத்தது. ஜெனிசிஸ் குழுவின் 1978 ஆல்பம், 'அண்ட் தென் தேர் வேர் த்ரீ'. 'கடைசியில் மூணே பேர்' என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பிலேயே கதை இருக்கு. அதை அந்த வாரமே வாங்கிக் கேட்டதற்கு வேற ஒரு காரணமும் உண்டு, அது அப்புறம்.

ஜெனிசிஸ் பற்றிப் பேசினாலே ஒரு பல்லவி வரும். பாடகர் பீட்டர் கேப்ரியல் 1975-ல் போனார், டிரம்மர் ஃபில் காலின்ஸ் மைக்கைப் பிடித்தார், ப்ராக்ரஸிவ் ராக் செத்தது, பாப் பிறந்தது. ஹாஸ்டலில் நானே இதைப் பல தடவை அடிச்சு விட்டிருக்கேன். ஆனா கணக்கு இடிக்குது. காலின்ஸ் பாடி 1976-ல் வந்த 'எ ட்ரிக் ஆஃப் த டெய்ல்', அந்த வருஷக் கடைசியில் வந்த 'விண்ட் அண்ட் வுதரிங்' ரெண்டும் அக்மார்க் ப்ராக் சமாச்சாரம். சத்தம் மாறியது அதுக்கப்புறம்தான். 1977-ல், 'செகண்ட்ஸ் அவுட்' என்ற லைவ் ஆல்பத்தை மிக்ஸ் பண்ணிக்கொண்டிருக்கும்போதே கிடார்காரர் ஸ்டீவ் ஹாக்கெட் கழன்றுகொண்டார்.

தன் பாடல்களுக்குக் குழுவில் இடம் போதவில்லை என்பது அவர் குறை. அவங்க எடுத்துக்காத 'ப்ளீஸ் டோன்ட் டச்' என்ற உருப்படியையே 1978-ல் தன் தனி ஆல்பத்துக்குத் தலைப்பா வச்சார். நல்ல பதிலடி :-)

ஹாக்கெட் எப்படிப்பட்ட ஆள்னா, மேடையில் கேப்ரியல் வேஷம் கட்டி ஆடும்போது ஓரமா ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பார். வால்யூம் பெடலை மிதித்து, கம்பியை மீட்டும் அந்த முதல் 'டிங்'கை மறைத்துவிடுவார். ஸ்வரம் வில் போட்ட மாதிரி எங்கிருந்தோ எழும்பி வரும். பல இடங்களில் டோனி பேங்க்ஸின் கீபோர்டு என்று வருஷக்கணக்கா நினைச்சிருந்தது இவர் கிடார்தான்னு ஹெட்ஃபோனில் கேட்டப்பதான் தெரிஞ்சது. 1973-ல் வந்த 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' கேட்டுப் பாருங்க. மெட்டு பேங்க்ஸ் போட்டது. முதலில் கேப்ரியலின் புல்லாங்குழலில் சின்னதா வரும். பிறகு ஹாக்கெட் அதையே எடுத்து ஒவ்வொரு ஸ்வரத்தையும் பிடித்து நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். மெட்டு யாருதுன்னு மறந்தே போகும்.

அவர் இல்லாத முதல் ஆல்பம்தான் நான் வாங்கினது. 1977-ல் நெதர்லாந்தில் ஒலிப்பதிவு. அதுவரை பாஸும் 12 கம்பி கிடாரும் வாசித்த மைக் ரூதர்ஃபோர்ட் லீட் கிடாரையும் தானே எடுத்துக்கொண்டார். 1972-ல் ஒரே பாட்டு 23 நிமிஷம் ஓடிய குழுவில் இப்போ 11 பாட்டு, பெருசே சுமார் ஏழு நிமிஷம்.

நான் ஓட்டையைத் தேடித்தான் கேட்டேன். எங்கயாவது வெறுமையா இருக்கும், 'இங்கதான் ஹாக்கெட் இருந்திருப்பார்'னு சொல்லலாம்னு. ஓட்டையே இல்லை. பிரச்சினையே அதுதான்! பேங்க்ஸ் எல்லா இடத்தையும் கீபோர்டால் பூசி மெழுகிட்டார். முன்னே கிடாரும் கீபோர்டும் எதிரெதிரா உட்கார்ந்து பேசிக்கும். இங்கே பேசுவது ஒருத்தர்தான். 'பர்னிங் ரோப்' பாட்டில் ரூதர்ஃபோர்டின் சோலோ ஒண்ணு வருது. அழகாத்தான் இருக்கு. ஆனா அண்ணன் சட்டையைப் போட்டுக்கிட்ட தம்பி மாதிரி. வேடிக்கை என்னன்னா, பிரிட்டனில் முதல் பத்துக்குள் போன அவங்களோட முதல் சிங்கிள் 'ஃபாலோ யூ ஃபாலோ மீ' (7-வது இடம்) இந்த ஆல்பத்துப் பாட்டு. அது பிறந்ததே ரூதர்ஃபோர்டின் கிடார் துணுக்கில்!

இதே நிலைமை அவங்களுக்கு முன்னாடியும் வந்தது. 1970-ல் முதல் கிடார்காரர் ஆண்டனி ஃபிலிப்ஸ் மேடை பயத்தாலும் உடம்பு முடியாமலும் விலகியபோது குழுவைக் கலைப்பது வரை யோசித்தார்கள். சில மாசம் பேங்க்ஸ் எலெக்ட்ரிக் பியானோவை ஃபஸ் பாக்ஸில் செருகி கிடார் பகுதிகளையும் சேர்த்து வாசித்தார். பிறகு 'மெலடி மேக்கர்' பத்திரிகையில் ஹாக்கெட் கொடுத்திருந்த விளம்பரத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். 1977-ல் அப்படி யாரையும் தேடவில்லை. மேடைக்கு மட்டும் அமெரிக்காவிலிருந்து டேரில் ஸ்டர்மர். ஸ்டூடியோவில் மூணு பேர்தான்.

(ஸ்டர்மர் அதுக்கு முன்னாடி வயலின் வித்வான் ஜான்-லூக் போன்ட்டியிடம் வாசித்தவர். வயலின்னதும் ஒரு கொசுறு: காலின்ஸின் 1981 தனி ஆல்பம் 'ஃபேஸ் வேல்யூ'வில் ஸ்டர்மரோட நம்ம எல். சங்கரும் இருக்கார். சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்.)

1980-ல் 'ட்யூக்' பிரிட்டனில் முதலிடம். எனக்கு அதைவிட 1981-ன் 'அபகாப்' முக்கியம். அதில் ரூதர்ஃபோர்ட் ஹாக்கெட்டாக முயற்சி பண்றதை விட்டுட்டு வெட்டு வெட்டுனு சுருக்கமா வாசிக்கிறார். கீபோர்டும் ஒதுங்கி வழிவிடுது. பழைய ரசிகர்கள் திட்டுற ஆல்பம். எனக்கென்னமோ மூணு பேர் குழுவா அவங்க நிஜமா ஆனது அங்கதான்னு தோணுது. 2022 மார்ச்சில் லண்டனில் நடந்த கடைசிக் கச்சேரியில் கிடாரோடு நின்னது ரூதர்ஃபோர்டும் ஸ்டர்மரும். ஹாக்கெட் தன் குழுவோடு ஊர் ஊரா அந்தப் பழைய பாட்டுகளை வாசித்துக்கிட்டிருந்தார்.

சரி, அந்த இன்னொரு காரணம். கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கும்போது நாங்க நாலு பேர் ஒரு பேண்ட் வச்சிருந்தோம். நான் கிடார். இங்க வந்து ரெண்டு வருஷமாச்சு. போன மாசம் பசங்க புதுசா ரெக்கார்ட் பண்ணின எங்க பழைய பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாங்க. புது ஆள் யாரும் சேர்க்கலை. மூணாவது நிமிஷத்தில் நான் வாசிக்கிற இடம் வந்தது. அதே ஸ்வரங்கள், கீபோர்டில். கொஞ்சம் அவசரப்படுறான், அவ்வளவுதான். பஸ்ஸில் போகும்போது நாலு தடவை கேட்டுட்டு 'சூப்பர்டா, அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் நிதானமா' என்று அனுப்பினேன்.

'நீ லீவுக்கு வரும்போது வந்து வாசி'ன்னு பதில் வந்திருக்கு. டிக்கெட் விலை பார்த்துக்கிட்டிருக்கேன்.