நதியும் நாடும் – 9: ஆறு வாரக் கெடு

காவிரி தமிழகத்துக்குள் நுழையும் எல்லையில் இருக்கிறது பிலிகுண்டுலு. அங்கே ஆற்றில் வரும் தண்ணீரை அளப்பது மத்திய நீர் ஆணையத்தின் பொறுப்பு. விநாடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் ஒரு டி.எம்.சி. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 டி.எம்.சி. என்று கர்நாடகம் தர வேண்டிய அளவுக்கு மாதவாரியாகக் கணக்கு உண்டு. அளவு குறைந்தால் அது டெல்லிக்கு உடனே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு டெல்லி என்ன செய்யும் என்பதில்தான் டெல்டாவின் குறுவை பல ஆண்டுகள் சிக்கிக் கிடந்தது.

அரசியல் சட்டப்படி தண்ணீர் மாநிலப் பட்டியலில் வருகிறது. ஆனால் மாநிலங்களைக் கடந்து ஓடும் நதிகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மத்தியப் பட்டியலின் 56-வது இனத்தில் இருக்கிறது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த 1956-லேயே நதி வாரியச் சட்டம் வந்தது. அதன்கீழ் இன்றுவரை ஒரு வாரியம்கூட அமைக்கப்படவில்லை. அதே ஆண்டில் வந்த நதிநீர்த் தகராறு சட்டம்தான் நடுவர் மன்றங்களுக்கு வழிசெய்தது. ஆனால் நடுவர் மன்றத்தின் முடிவை அரசிதழில் வெளியிடுவதும், நிறைவேற்ற ஓர் அமைப்பை உருவாக்குவதும் மத்திய அரசின் கையில். மாநிலங்கள் எவ்வளவு மோதினாலும் கடைசிச் சாவி அங்கேதான்.

அந்தச் சாவி எப்படிக் கையாளப்பட்டது? காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பு சொன்னது. அரசிதழில் அது வெளியானது 2013 பிப்ரவரி 19 அன்று, அதுவும் உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகு. அப்போது டெல்லியில் இருந்தது காங்கிரஸ் கூட்டணி அரசு. அடுத்து பா.ஜ.க. அரசு வந்தது. 2016 செப்டம்பரில், காவிரி மேலாண்மை வாரியத்தை அக்டோபர் 4-க்குள் அமையுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். கெடுவுக்கு முதல் நாள் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர் நீதிமன்றத்தில் எழுந்து, வாரியம் அமைப்பது நாடாளுமன்றத்தின் வேலை, நீதிமன்றம் அப்படி உத்தரவிட முடியாது என்று வாதிட்டார். கட்சி மாறியும் தாமதம் மாறவில்லை.

2018-ல் நடந்தது இன்னும் வெளிப்படை. பிப்ரவரி 16 அன்று இறுதித் தீர்ப்பு வந்தது. டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் சேர்த்தும், பெங்களூரின் குடிநீர்த் தேவையைக் காட்டியும், கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுதோறும் தர வேண்டும் என்று நடுவர் மன்றம் சொன்ன 192 டி.எம்.சி.யை 177.25 ஆகக் குறைத்தது உச்ச நீதிமன்றம். தமிழகத்துக்கு அது இழப்பு. இருந்தாலும் ஒரு நம்பிக்கை இருந்தது: பங்கீட்டை நிறைவேற்ற மத்திய அரசு ஆறு வாரத்துக்குள் செயல்திட்டம் உருவாக்க வேண்டும், கால நீட்டிப்பு கிடையாது என்றும் தீர்ப்பு சொல்லியிருந்தது.

ஆறு வாரமும் கழிந்தது. கெடு முடிந்த பிறகு மத்திய அரசு நீதிமன்றத்துக்குப் போனது. ‘செயல்திட்டம்’ என்றால் எது என்று விளக்கம் கேட்டது. கூடவே மூன்று மாத அவகாசமும் கேட்டது. சொன்ன காரணம், கர்நாடகத் தேர்தல்! தமிழகம் கொந்தளித்தது. ஏப்ரல் 5-ல் முழு அடைப்பு, முக்கொம்பிலிருந்து நடைப்பயணம், பிரதமர் சென்னை வந்தபோது கறுப்புக் கொடி. சென்னையில் நடக்க வேண்டிய ஐ.பி.எல். ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. மே 3 அன்று நீதிமன்றத்தில் மத்திய அரசு தந்த பதில் இன்னும் வேதனையானது: வரைவை அமைச்சரவை ஏற்க வேண்டும், ஆனால் பிரதமரும் அமைச்சர்களும் கர்நாடகத்தில் பிரசாரத்தில் இருக்கிறார்கள்.

வாக்குப்பதிவு மே 12. வரைவு நீதிமன்றத்துக்கு வந்தது மே 14. இந்த இரண்டு தேதிகளுக்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வரைவில் தலைமையகம் பெங்களூரு என்று இருந்தது. தமிழகம் எதிர்த்ததால் டெல்லியானது. ஜூன் 1-ல் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அரசிதழில் ஏறியது. ஆனால் அதற்கு முழுநேரத் தலைவர் கிடைக்க 2021 ஆகிவிட்டது. அதுவரை மத்திய நீர் ஆணையத்தின் தலைவரே கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டார். ஒரு மாநிலம் ஒத்துழைக்க மறுத்தால் ஆணையம் செய்யக்கூடியது, மத்திய அரசின் உதவியை நாடுவது. மறுபடியும் அதே வாசல்.

இந்த இடைக்காலத்தில் விவசாயிக்கு என்ன ஆனது? 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை வழக்கமான நாளான ஜூன் 12-ல் திறக்கப்படவில்லை. மழைக் குறைவும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் பற்றாக்குறை ஆண்டில் இருப்பதை எப்படிப் பங்கிடுவது என்று சொல்லத்தானே ஆணையம்? மழை பெய்து அணைகள் நிரம்பும் ஆண்டில் அதற்கு வேலையே குறைவு.

ஓட்டை சட்டத்திலேயே இருக்கிறது. 1956 நதிநீர்த் தகராறு சட்டத்தின் 6ஏ பிரிவு, மத்திய அரசு செயல்திட்டம் ‘உருவாக்கலாம்’ என்றுதான் சொல்கிறது. 2019-ல் மக்களவை நிறைவேற்றிய திருத்த மசோதா அதைக் கட்டாயமாக்கியது. அரசிதழுக்காகக் காத்திருக்கும் நிலையையும் நீக்கியது. எல்லா நதிகளுக்கும் ஒரே நடுவர் மன்றம் என்ற அம்சத்தைத் தமிழகம் உள்ளிட்ட மாநிலங்கள் எதிர்த்தன. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. மசோதா மாநிலங்களவையைத் தாண்டாமலே 2024-ல் காலாவதியானது. சர்ச்சைக்குரிய பகுதிகளை விட்டுவிட்டு இந்த இரண்டு திருத்தங்களை மட்டும், காலக்கெடுவோடு, தனி மசோதாவாகக் கொண்டுவர வேண்டும். தமிழக எம்.பி.க்கள் கட்சி பார்க்காமல் சேர்ந்து கேட்க வேண்டியது இதைத்தான்.

(அடுத்த இதழில்: மேகதாது)