காவிரிக் கரையின் காப்பி அதிசயங்கள்: தெரியுமா?

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கம் பொழுது விடிவதே காப்பியில்தான். அந்த ஒரு டம்ளருக்குள் எத்தனை ஆச்சரியங்கள் என்று பாருங்கள்!

ஆறும் காப்பியும் ஒரே மலையில்!
டெல்டா வயல்களுக்குப் பாயும் காவிரி பிறப்பது குடகு மலையில், தலைக்காவிரியில். இந்தியாவிலேயே காப்பி அதிகம் விளையும் மாவட்டமும் அதே குடகுதான், தெரியுமா?

பச்சைக் கொட்டையில் காப்பி மணமே கிடையாது!
முகர்ந்தால் புல் வாடைதான் வரும். 200 டிகிரி செல்சியஸ் அளவில் வறுபடும்போதுதான் 800-க்கும் மேற்பட்ட மணப்பொருள்கள் பிறக்கின்றன. அவற்றில் ஒன்று குவாயகால். சீனாவின் வூயி மலையில் பைன் விறகுப் புகையில் தேயிலையை உலர்த்தி 'லாப்சாங் சூச்சோங்' என்ற கறுப்புத் தேயிலை தயாரிக்கிறார்கள். அதன் புகைமணத்திலும் இதே குவாயகால் உண்டு! அங்கே அது எரிகிற விறகிலிருந்து வருகிறது. நம் காப்பியில் கொட்டைக்குள்ளிருந்தே வருகிறது.

சிக்கரியில் கஃபீன் துளியும் இல்லை!
காப்பிப் பொடியோடு கலக்கும் சிக்கரி ஒரு செடியின் வேர். அதிலுள்ள இனுலின் என்ற நார்ச்சத்து வறுபட்டுத்தான் அந்தக் கறுப்பும் கெட்டித்தன்மையும் வருகின்றன. 1806-ல் நெப்போலியன் ஆங்கிலேய வணிகத்தைத் தடுக்க, காப்பி கிடைக்காமல் தவித்த பிரான்சில் சிக்கரிக்கு யோகம் அடித்தது. நம் நாட்டு விதிப்படி, கலவைப் பொடியில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பாக்கெட்டிலேயே அளவு போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

ஃபில்டரை அவசரப்படுத்தவே முடியாது!
மேல் அடுக்கில் பொடியைப் போட்டு, குடைத்தட்டால் லேசாக அமுக்கி, கொதித்து அடங்கிய வெந்நீரைச் சுற்றிலும் ஊற்றி மூட வேண்டும். அதிகம் அமுக்கினால் இறங்கவே இறங்காது. அமுக்காமல் விட்டால் மடமடவென்று ஓடி நீர்த்துவிடும். பக்குவமாக அமைந்தால் சொட்டுச் சொட்டாக, கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, கறுகறுவென்று முதல் டிகாக்ஷன் இறங்கும். காகித வடிகட்டி காப்பி எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். நம் ஃபில்டரின் துளைகள் அதைக் கீழே விட்டுவிடும். நாக்கில் தங்கும் வழவழப்பு அதனால்தான்! டிகாக்ஷனை அடுப்பில் ஏற்றினால் மணம் போச்சு. சூடு பாலிலிருந்துதான் வர வேண்டும்.

லாக்டோமீட்டரையும் ஏமாற்றலாம்!
பாலின் அடர்த்தியை அளக்கும் கருவி அது. பாலில் தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறைந்து கருவி ஆழமாக இறங்கும். டிகிரி காப்பிக்குப் பெயர் கிடைத்ததே இந்தச் சோதனையால்தான் என்பார்கள். ஆனால் ஏட்டை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி கூடும். அதற்கு மேல் கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் கருவிக்குத் தெரியாது! கடைசித் தீர்ப்பு நாக்குக்குத்தான்.

ஆற்றுவது சூடு தணிய மட்டுமல்ல!
டபராவுக்கும் டம்ளருக்கும் மாற்றி மாற்றி உயர்த்தி ஆற்றும்போது, பாலிலுள்ள புரதம் காற்றுக் குமிழிகளைச் சுற்றிப் படர்ந்து நுரையை நிற்க வைக்கிறது. டம்ளரின் விளிம்பு வெளிப்பக்கம் வளைந்திருப்பதால், உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கவும் வாகாக இருக்கிறது. பித்தளைப் பாத்திரமென்றால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும்.

ஒரு பூஞ்சை மாற்றிய தலைவிதி!
தஞ்சை, திருச்சி, மதுரைச் சீமைகளின் ஏழைகள் இலங்கைக்கு முதலில் போனது தேயிலைக்கு அல்ல, காப்பிக்கு! பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவார்கள். 1869-ல் இலைத்துரு நோய் தாக்கி, காப்பித் தோட்டங்கள் படிப்படியாக அழிந்தன. அந்த இடத்தில் தேயிலை வந்தது. தேயிலையை ஆண்டு முழுக்கப் பறிக்க வேண்டும். போனவர்கள் அங்கேயே குடும்பத்தோடு தங்கிப்போனார்கள். மலையகத் தமிழர் வரலாற்றில் இந்த நோய்க்கு அவ்வளவு பங்கு உண்டு.

தோட்டமில்லாத ஊருக்குக் காப்பிப் பெயர்!
டெல்டா நெல் விளையும் பூமி. காப்பி விளைவது மலையில். கும்பகோணத்துக்கு இந்தப் பெயரை வாங்கித் தந்தது முழுக்க முழுக்கக் கைப்பக்குவம்! இன்று நெடுஞ்சாலை எங்கும் 'கும்பகோணம் டிகிரி காப்பி' பலகைகள். பித்தளை டபராவின் பளபளப்பில் மயங்காதீர்கள். பால் தண்ணீர் கலக்காததா, டிகாக்ஷன் புதிதாக இறங்கியதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் 'ஆமாம்' என்று தயங்காமல் சொல்கிற கடைக்குத்தான் அந்தப் பலகை தகும்!