குருதியின் வழி – 17: நாய்க்கு வளர்ந்த படலம்

1947. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அறுவை சிகிச்சை பயின்றுகொண்டிருந்த ஆர்தர் வோர்ஹீஸ், ஒரு நாயின் இதயத்துக்குள் இடம் தவறி விழுந்த பட்டுத் தையலைச் சில மாதங்கள் கழித்துப் பார்த்தார். நூலின் மேல் பளபளப்பான படலம் மூடியிருந்தது, ரத்தக்கட்டி இல்லை. நூலுக்கு நடந்தது துணிக்கும் நடக்காதா என்று பாராசூட் துணியைக் குழாயாகத் தைத்து, நாயின் மகாதமனியில் பொருத்தினார். 1952-ல் முடிவு அச்சேறியது.

நாயிடம் பிறந்த அந்த நம்பிக்கை மனிதரிடம் பாதிதான் பலித்தது. தையல் போட்ட முனைகளை ஒட்டி ஓரிரு சென்டிமீட்டர் வரைதான் நம் உடல் படலம் வளர்க்கிறது. நடுக்குழாய் வருடக்கணக்கில் வெறும் செயற்கை இழையாகவே கிடக்கிறது. ரத்தம் பட்ட மாத்திரத்தில் புரதங்கள் அதில் ஒட்டும், அவற்றைப் பற்றிக்கொண்டு தட்டணுக்கள் கூடும், பிறகு கட்டி. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை தேவைப்படுவது இதனால்தான்.

வயிற்றுக்குள் போகும் மகாதமனியில் இந்தத் தொல்லை குறைவு. ஜெயமங்கலத்து வயல்காரர்களுக்குத் தெரியும்: தண்ணீர் விசையாக ஓடும் பெரிய வாய்க்காலில் வண்டல் தங்காது, மடை வாய்க்காலில்தான் தங்கும். முழங்காலுக்குக் கீழே வைக்கும் 6 மில்லிமீட்டர் குழாய் அந்த மடை வாய்க்கால்தான். அதனால்தான் நோயாளியின் சொந்தக் கால் சிரை கிடைத்தால், மருத்துவர்கள் முதலில் அதையே எடுத்து வைக்கப் பார்க்கிறார்கள்.

எந்த மாத்திரை? கால் பைபாஸ் செய்துகொண்ட 2,600-க்கும் மேற்பட்டோரை வைத்து நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2000-ல் வெளியானது. சொந்தச் சிரை வைத்தவர்களுக்கு வார்ஃபரின் வகை மருந்தும், செயற்கைக் குழாய் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினும் கூடுதலாகக் கைகொடுத்தன. வார்ஃபரின் வகையில் பெரிய ரத்தக்கசிவு ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆக, ‘ரத்தம் நீர்க்கும் மாத்திரை’ என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைத்து, பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைப் பார்த்து வாங்குவது ஆபத்து. 2020-ல் வந்த பெரிய ஆய்வொன்றில், ஆஸ்பிரினோடு 2.5 மில்லிகிராம் ரிவராக்ஸபான் இரண்டு வேளை சேர்த்தபோது கால் இழப்பு முதலிய பேரிழப்புகள் குறைந்தன. ரத்தக்கசிவு சற்றுக் கூடியது. இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை!

“அப்பாவுக்குப் பல்லு புடுங்கணும், மாத்திரைய நிறுத்திரவா சார்?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நீங்களாக நிறுத்தாதீர்கள், அம்மா. ஆஸ்பிரின் மட்டுமென்றால் பெரும்பாலும் நிறுத்தாமலே பல் எடுப்பார்கள். பஞ்சை அழுத்தியே ரத்தத்தை நிறுத்திவிடலாம். வார்ஃபரின், அசிட்ரோம் என்றால் முதலில், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை. இந்த இரண்டையும் சாப்பிடுபவர்கள் முருங்கைக்கீரையை விலக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு, மறு வாரம் தொடாமல் இருப்பதுதான் கெடுதல். பீடியை விடாதவருக்கு எந்த மாத்திரையும் முழுதாக உதவாது.

குழாய் வைத்த கால் திடீரென வலித்து, சில்லிட்டு, மரத்துப்போனால் தைலம் தேய்த்துக் காத்திருக்காதீர்கள். ஆறு மணி நேரம் தாண்டினால் காலைக் காப்பது கடினம். நள்ளிரவானாலும் 108-ஐ அழைத்து க.விலக்கு அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மாத்திரைச் சீட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.