ஐந்து முனை நட்சத்திரம் யாருடைய குறி?



ஆங்கில இலக்கியம் பயில்வோரும் மேலைநாட்டுத் திரைப்படங்களைப் பார்ப்போரும் அடிக்கடி சந்திக்கும் குறி ஒன்றுண்டு. கையெடுக்காமல் ஒரே இழுப்பில் வரையக்கூடிய ஐந்து முனை நட்சத்திரமே அது. படத்தில் அது தோன்றியதும் பேய் வரப்போகிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அது என்றைக்கும் பேயின் குறியாகவா இருந்து வந்தது?

பண்டைக் கிரேக்கத்தில் பைதகரசின் வழிவந்தோர் அதனை உடல்நலத்தின் குறியாகக் கொண்டனர். பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் காவியமான ‘சேர் கவெயினும் பச்சை வீரனும்’ நூலில் அது கிறிஸ்தவ வீரன் ஒருவனின் கேடயத்தை அலங்கரிக்கிறது. கிறிஸ்துவின் ஐந்து திருக்காயங்களையும் அங்கே அது நினைவூட்டுகிறது. 1808இல் வெளிவந்த கதேயின் ‘ஃபவுஸ்ற்’ முதற் பாகத்தில் வாசற்படியில் வரையப்பட்ட இந்த நட்சத்திரம் சாத்தானையே வெளியேற விடாது தடுக்கிறது. பேயைத் தடுத்த குறி பேயின் குறியானது பிற்காலத்திலேதான். 1850களில் பிரெஞ்சு எழுத்தாளர் எலிபாஸ் லெவி, நிமிர்ந்த நட்சத்திரம் நன்மைக்கும் தலைகீழானது தீமைக்கும் உரியவை என்று பிரித்தெழுதினார். அந்தப் பிரிவினையே இன்று திரைப்படம் வரை வந்திருக்கிறது.

இந்த நட்சத்திரத்தைத் தம் சமயச் சின்னமாகக் கொண்டோர் ‘விக்கா’ நெறியினர். அந்நெறியை உலகறியச் செய்த ஜெரல்ட் கார்ட்னர் (1884 - 1964) நமது நாட்டோடு தொடர்புடையவர் என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இளவயதில் இலங்கை வந்து மஸ்கெலியாவில் தேயிலைத் தொழில் பழகியவர் அவர். 1910இல் கொழும்பில் பிறீமேசன் சங்கமொன்றில் சேர்ந்தார். பின்பு மலாயாவில் சுங்க அதிகாரியாகப் பணிபுரிந்து, மலாய்க் குத்துவாளான ‘கிரிஸ்’ பற்றி 1936இல் நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் சூனியத் தடைச்சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. அதன்பின், 1954இல், தமது நெறியை விளக்கும் நூலை அவர் வெளியிட்டார். கிறிஸ்தவத்துக்கு முற்பட்ட பழஞ்சமயமே இது என்பது அவர் கூற்று. இன்றைய வரலாற்றாசிரியர்கள் அதனை ஏற்பதில்லை. விக்காவின் மூன்று படித் தீட்சையில் பிறீமேசன் வழக்கத்தின் சாயலை அவர்கள் காண்கிறார்கள்.

கொட்டாஞ்சேனைக்கும் இக்கதையில் ஓரிடம் உண்டு. கார்ட்னரைப் பின்னாளில் பாதித்த ஆங்கில மந்திரவாதி அலிஸ்ரர் குறோளி 1901இல் இலங்கை வந்தபோது, அவருடைய நண்பர் அலன் பெனற் இங்கேயே இருந்தார். பெனற், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பிள்ளைகளுக்கு ஆசிரியராயிருந்து, அவரிடம் யோகம் பயின்றவர். பின்பு பர்மாவில் பௌத்த துறவியானார். அதே இராமநாதன்தான் கொட்டாஞ்சேனை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலைக் கருங்கல்லில் எழுப்பியவர்.

சரி, விக்காவின் சின்னங்கள் சொல்வதென்ன? நட்சத்திரத்தின் ஐந்து முனைகளும் மண், நீர், தீ, காற்று, ஆன்மா என்பவற்றைக் குறிக்கும். வளர்பிறை, முழுமதி, தேய்பிறை மூன்றும் சேர்ந்த சின்னம் கன்னி, தாய், கிழவி என்ற தேவியின் மூன்று பருவங்களைச் சுட்டும். கறுப்புப் பிடியுள்ள கத்தி ஆண்மையையும் கிண்ணம் பெண்மையையும் உணர்த்தும். எட்டு ஆரச் சக்கரம் ஆண்டின் எட்டுப் பண்டிகைகளைக் காட்டும்.

பஞ்சபூதமும் பூரண கும்பமும் நமக்கும் உண்டே என்று நீங்கள் நினைக்கலாம். ஒப்புமை உண்மைதான். ஆயினும் ‘எல்லாம் நம்மிடமிருந்து போனவையே’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நமது ஐந்தாம் பூதம் ஆகாயம், அவர்களுடையது ஆன்மா. இரண்டும் ஒன்றல்ல. ஆறு முனை நட்சத்திரம் முருகனடியார்க்குச் ‘சரவணபவ’ என்னும் ஆறெழுத்தின் இருப்பிடம். யூதருக்கோ அதே வடிவம் தம் இனத்தின் அடையாளம். கோடுகள் ஒன்றாயிருக்கலாம், பொருளைத் தருவது வணங்குவோரின் வாழ்க்கையே. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ஆடிவேல் பவனி வருவதைக் காணும் அந்நியர் ஒருவர், வேலை வெறும் ஆயுதமாகக் கொண்டால் அவர் கண்டது இரும்பை மட்டுமே.

இந்த நெறியினரை ‘பேகன்’ என்பர். இலத்தீனில் அச்சொல்லின் பொருள் நாட்டுப்புறத்தான். கிறிஸ்தவரல்லாதாரைக் குறிக்கப் பிறர் சூட்டிய பெயர் அது. அப்படிப் பெயர் சூட்டப்பட்ட அனுபவம் நமக்கும் உண்டு. தரங்கம்பாடியில் 1713இல் சீகன்பால்கு அச்சிட்ட சிறுநூலின் பெயரே ‘அக்கியானம்’. நம்மவர் வழிபாடே அங்கே அறியாமையாயிற்று. 1854இல் ஆறுமுக நாவலர் ‘சைவதூஷணபரிகாரம்’ எழுதியபோது, விவிலியத்திலிருந்தே சான்றுகளை எடுத்துக்காட்டிச் சைவக் கிரியைகளின் நியாயத்தை விளக்கினார். கண்டனம் செய்தோரின் நூலை நாவலர் ஆழ்ந்து கற்றிருந்தார். நம்மைக் கண்டித்தோரில் எத்தனை பேர் நம் நூல்களை அவ்வாறு கற்றனர்?

2005இல் ஆப்கானிஸ்தானில் இறந்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் விக்கா நெறியினர். அவருடைய நினைவுக்கல்லில் ஐந்து முனை நட்சத்திரம் பொறிக்க அரசின் அனுமதி கிடைக்கவில்லை. சிலுவைக்கும் வேறு பல சமயச் சின்னங்களுக்கும் கிடைத்த அனுமதி அது. அவருடைய மனைவியும் மற்றையோரும் நீதிமன்றம் சென்ற பின்னரே, 2007 ஏப்ரலில், அச்சின்னம் அங்கீகாரம் பெற்றது. திரைப்படத்துக்குப் பேய்க்குறியாயிருந்தது, அந்தப் பெண்ணுக்குக் கணவனின் நம்பிக்கை.

ஆகவே நேயர்களே, நாவலிலோ நாடகத்திலோ புரியாத குறியொன்றைக் கண்டால், ‘இதன் பொருள் என்ன?’ என்று மட்டும் கேளாதீர்கள். ‘யார் வரைந்தது? எக்காலத்தில்? யார் அதற்குப் பெயர் வைத்தார்கள்?’ என்றும் கேளுங்கள்.