வானத்தில் அல்ல, தரையில்தான் இலாபம்

"நாநா, சென்னைக்குப் போக எது கிட்ட? பலாலியா, கட்டுநாயக்கவா?"

துணுக்காயில் எனது புடவைக்கடைக்கு வந்த இளம் வியாபாரி ஒருவர் கேட்டார். பெருநாள் சரக்கெடுக்க முதல் தடவையாகப் போகிறார். இந்த விடயத்தில் நான் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டவன்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். பலாலியிலிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீற்றர். கட்டுநாயக்கவிலிருந்து சுமார் 650. தூரம் ஏறக்குறைய பாதி. நேரமும் பாதியாகுமா? ஆகாது. பலாலிக்கு வருவது எழுபது சொச்சம் பேர் ஏறக்கூடிய, காற்றாடி பூட்டிய ஏ.டி.ஆர். ரக விமானம். அதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீற்றர். கட்டுநாயக்கவிலிருந்து பறக்கும் ஜெட் 800ஐயும் தாண்டும். ஓடுபாதையில் ஊர்வதும் ஏறுவதும் இறங்குவதும் இரண்டுக்கும் பொது. ஆகவே அட்டவணையில் இரண்டுமே ஒன்றேகால் முதல் ஒன்றரை மணித்தியாலம்தான்.

வித்தியாசம் தரையில் இருக்கிறது. துணுக்காயிலிருந்து மாங்குளம் போய் ஏ9 வீதியில் ஏறினால், பலாலிக்கு மூன்று மணித்தியாலம் போதும். கட்டுநாயக்கவுக்கு ஆறு, ஏழு மணித்தியாலம் வேண்டும்.

நான் செய்த பிழை இதுதான். டிக்கட் மலிவென்று கட்டுநாயக்க வழியாகப் போனேன். திரும்பி வந்தது நள்ளிரவு. நீர்கொழும்பில் அறை, பிறகு வேன் கூலி, சாப்பாடு. மிச்சம் பிடித்த காசு அதிலேயே கரைந்தது. அதைவிடப் பெரிய நட்டம், பெருநாள் வியாபாரம் சூடு பிடித்த நேரத்தில் கடை இரண்டு நாள் கூடுதலாகப் பூட்டிக் கிடந்தது.

அடுத்த முறை பலாலியால் போனேன். நேரம் மிச்சம். ஆனால் பொதியின் நிறை கூடிவிட்டது. மேலதிகமாகக் கட்டிய காசு துணியின் இலாபத்தைத் தின்றது. சிறிய விமானத்தில் மாதிரித் துணியும் பில்லும்தான் வர வேண்டும். சரக்குக்குக் கப்பல் வழி தனி.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. பின்னர் யுத்தம் அந்த வழியை அடைத்தது. 2019 ஒக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில்தான் மீண்டும் வந்தது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் சேவை தொடங்கியது. திறந்த வழி மூடவும் கூடும். ஒரே வழியை நம்பி சீசன் முழுவதையும் கட்டிவைக்காதீர்கள்.

அந்தத் தம்பிக்கு ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தேன்: டிக்கட், வேன் கூலி, தங்கும் செலவு, பொதி நிறை, கடை பூட்டியிருக்கும் நாட்கள். ஐந்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு டிக்கட் போடுங்கள்.

கடைசி வரியை எழுத மறப்பவர்கள்தான் நம்மில் அதிகம்.