சீந்தில் கொடியா, அதன் பங்காளியா? வெட்டும் முன் தண்டைப் பாருங்க

கொரோனா காலத்தில் நாம் குடித்த கபசுரக் குடிநீரில் சேரும் 15 சரக்குகளில் சீந்தில் தண்டும் ஒன்று. அது தெரிந்ததும் 'சீந்திலை மட்டும் தனியா காய்ச்சிக் குடிச்சா என்ன?' என்று கேட்டவர்கள் நிறைய பேர். காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்தில் வேலியிலும் மரத்திலும் படர்ந்து கிடக்கிற கொடிதானே! அதிலும் வேப்பமரத்தில் ஏறிய சீந்திலுக்கு மவுசு ஜாஸ்தி.

பிரச்சினை அடையாளத்தில் ஆரம்பிக்குது. அமிர்தவல்லி என்றும் பெயருள்ள சீந்திலின் தாவரவியல் பெயர் டினோஸ்போரா கார்டிஃபோலியா. 'கார்டிஃபோலியா' என்றால் இதய வடிவ இலை. ஆனால் அதே பேரினத்தைச் சேர்ந்த டினோஸ்போரா கிரிஸ்பாவுக்கும் இலை இதய வடிவம்தான். இலையை மட்டும் போட்டோ எடுத்துச் செயலியில் தேடினால் ஏமாற வாய்ப்பு உண்டு. கிரிஸ்பாவைச் சீந்தில் என்று நினைத்துச் சாப்பிடுவது ஆபத்து என்று ஒன்றிய ஆயுஷ் அமைச்சகம் 2022 பிப்ரவரியில் எச்சரித்தது.

தண்டைப் பாருங்க. கிரிஸ்பாவின் தண்டில் மரு மாதிரி முண்டு முண்டாக இருக்கும். சீந்திலில் அந்த முண்டுகள் கிடையாது. கிளைகளிலிருந்து நூல் போன்ற விழுதுகள் தொங்கும். சீந்தில் பழம் உருண்டை, சிவப்பு. கிரிஸ்பாவின் பழம் நீள்வட்டம், ஆரஞ்சு நிறம். பூவில் இதழ் எண்ணிப் பார்க்கலாம்: சீந்திலுக்கு 6, கிரிஸ்பாவுக்கு 3. ஒரு விஷயம், சீந்திலில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. உங்க வீட்டுக் கொடி காய்க்கவே இல்லை என்றால் அது ஆண் கொடியாக இருக்கலாம்.

இவை இரண்டும் மெனிஸ்பெர்மேசி குடும்பம். பிறை நிலா போல வளைந்த விதை என்பதால் கிரேக்க மொழியில் வந்த பெயர். டினோஸ்போரா என்ற பேரினத்தை 1851-ல் வகுத்தவர் ஜான் மியர்ஸ்.

சரி, கொடி அசல்தான் என்றால் இஷ்டத்துக்குக் குடிக்கலாமா? கூடாது. இந்தியாவில் 13 மருத்துவ மையங்களின் கல்லீரல் மருத்துவர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், சீந்தில் சாப்பிட்டபின் கல்லீரல் பாதிக்கப்பட்ட 43 பேரின் விவரம் இருக்கிறது. ஆயுஷ் அமைச்சகம் சீந்தில் பாதுகாப்பானது என்கிறது. இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ஏற்கெனவே கல்லீரல் கோளாறு, தைராய்டு மாதிரி தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள் தாமாக எடுக்க வேண்டாம். சீந்தில் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது. சுகர் மாத்திரை போடுகிறவர்களுக்கு அளவு ஒரேயடியாக இறங்கிவிடலாம். தறியில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மயக்கம் வந்தால் என்ன ஆகும், யோசிங்க.

('சீந்தில் சர்க்கரை' என்று கடையில் விற்பது சர்க்கரை இல்லை. தண்டை இடித்து, நீரில் ஊறவைத்து, தெளியவைத்து எடுக்கும் மாவு.)

சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனை சித்த மருத்துவப் பிரிவுக்குத் தண்டு, இலை, பழம் மூன்றையும் எடுத்துட்டுப் போங்க. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. சாப்பிட்டபின் கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாகப் போவது, தாங்க முடியாத அசதி இருந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்க. என்ன குடித்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்க. ஆலோசனைக்கு 104.